பஸ்ஸக்காவின் திரும்பு படம்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரைச் செய்திக்கு மேலே பொடி எழுத்தில் போடுவார்கள், அதோடு சரி. பத்திரிகை ஆபீசில் வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் பஸ்ஸக்கா. பஸ் வரவில்லையா, கட்டணம் ஏறிவிட்டதா, பாதி வழியில் வண்டி மூச்சு வாங்கி நிற்கிறதா, கூப்பிடு பஸ்ஸக்காவை. மற்ற நிருபர்கள் அமைச்சர்களோடு போட்டோவில் நிற்பார்கள், இவள் பஸ் நிறுத்தத்தில் நிற்பாள். அதற்காக அவள் ஒரு நாளும் முகம் சுளித்தது கிடையாது. அமைச்சரைத் தேர்தலுக்குத் தேர்தல்தான் திட்டுகிறார்கள், பஸ்ஸைத் தினமும் திட்டுகிறார்கள், அப்போ யார் செய்தி பெரிசு என்று கேட்பாள்.

ஆரம்ப காலத்தில் அவளுடைய வேலை முழுக்கக் காலில்தான் இருந்தது. ஒரு நிறுத்தத்தில் போய் நின்று, காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்து, வாயைக் கிளறி, நாலு வரி தேற்றிக்கொண்டு வருவாள். சாயங்காலம் கால் கெஞ்சும். அப்படியும் ஒரு நிறுத்தத்துக் கதைதான் கையில் இருக்கும், பக்கத்துத் தெருவில் ஒரு தடமே நின்று போயிருந்தாலும் தெரியாது. ஒரு நாள் மழையில் நின்று நின்று எரிச்சல் தலைக்கேறி, அங்கேயே போனை எடுத்து பேஸ்புக்கில் "பஸ் வந்துச்சா?" என்று ஒரு குழுவைத் தொடங்கிவிட்டாள். கோபத்தில் செய்ததுதான். ஆனால் அதைப் போல உருப்படியான காரியம் அந்த ஆபீசில் வேறு யாரும் செய்யவில்லை.

குழுவில் யார்தான் இல்லை? இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் நர்சுகள், துணிக்கடைப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், புனைபெயரில் ஒளிந்துகொண்ட டிரைவர்கள், கண்டக்டர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். காலையில் பல் தேய்க்கும்போதே பஸ்ஸக்கா ஒரு கையால் அவர்கள் புலம்பலைத் தள்ளித் தள்ளிப் படிப்பாள். "எனக்கே சக்களத்தி கொண்டாந்துட்டியே" என்று கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் அந்தப் போனைக் காட்டிக் கிண்டல் பண்ணுவார். ஒருவர் புலம்பினால் படித்துவிட்டு விடுவாள். ஒருவரை ஒருவர் அறியாத நாலு பேர் நாலு தெருவிலிருந்து ஒரே மாதிரி புலம்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். குழுவில் வந்ததை அப்படியே தூக்கிப் பத்திரிகையில் போடுவது அவளுக்கு ஆகாது. போன் போட்டுப் பேச வேண்டும், நேரில் போய் நிற்க வேண்டும், கம்பெனிக்காரனிடம் பதில் கேட்க வேண்டும். அச்சானதும் செய்தியை முதலில் குழுவில்தான் போடுவாள், தப்பு இருந்தால் காதைத் திருகுங்கள் என்று ஒரு வரியோடு. ஒரு தடவை தட எண்ணைத் தப்பாக எழுதியபோது ஒரு பள்ளிக்கூட டீச்சர் நிஜமாகவே திருகிவிட்டார். பஸ்ஸக்கா மன்னிப்புக் கேட்டு மறுநாளே திருத்தம் போட்டாள். குழுவுக்கு அவள் மேல் பாசம் வந்தது அந்த நாளிலிருந்துதான்.

ஆனால் கூட்டம் என்று இருந்தால் கதை அளப்பவனும் வருவான் இல்லையா? ஒருத்தன் வெள்ளத்தில் மிதக்கும் பஸ் ஒன்றின் படத்தை அனுப்பி, எங்க நிறுத்தத்தைப் பாருங்க அக்கா என்று ஒப்பாரி வைத்தான். வானத்தில் மேகமே இல்லாத நாள் அது. அவள் பதமாக, நின்ன இடத்துலயே அப்படியே திரும்பி இன்னொரு படம் அனுப்புங்க என்று கேட்டாள். போன்ல சார்ஜ் இல்ல அக்கா என்றான். சார்ஜ் இல்லாத போனிலிருந்துதான் அதையும் சொன்னான், பாவம். அப்புறம் வெளிச்சம் போதவில்லை என்றான். விடாமல் கேட்டதும் ஒரு படம் வந்தது. பார்த்தால் அவன் வீட்டு அடுப்படிச் சுவர், மூலையில் ஒரு குக்கர். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது.

அன்றைக்குப் பிறந்ததுதான் 'திரும்பு படம்'. யாருடைய படத்தையும் எவனும் திருடலாம், ஆனால் திருடிய படத்துக்குள் நின்று திரும்பிப் பார்க்க முடியாது. யார் எந்தப் படம் அனுப்பினாலும் அதே வரியைத்தான் அவள் கேட்பாள். "நிஜமா நின்னவங்க உடனே அனுப்பிடுவாங்க, பொய்யனுக்குத்தான் சார்ஜ் இருக்காது" என்பது அவளுடைய தாரக மந்திரம். திரும்பிப் படம் கேட்கும் வரியைக் குழுவின் தலையிலேயே எழுதி ஒட்டியும் வைத்தாள். ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட அவளைப் பார்த்து அந்த வழக்கத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

இவ்வளவுக்கும் பின்னால் இருந்து தட்டிக் கொடுத்தவன் பங்காளி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் இப்போது செய்தி ஆசிரியராகிக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கிறான், இவள் வெளியே பழைய நாற்காலியிலேயே இருக்கிறாள். ஆனாலும் மத்தியானம் இவளுடைய சாப்பாட்டு டப்பா திறக்கும் சத்தம் கேட்டால் ஸ்பூனோடு வந்து நின்றுவிடுவான். உருளைக்கிழங்கில் பாதி அவனுக்குத்தான். அதனால்தான் பங்காளி என்று அவளே பெயர் வைத்தாள், ஆபீஸ் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. அவன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் மகள் தூங்கியது பஸ்ஸக்கா வீட்டில். அந்தப் பெண் இன்றைக்கும் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுகிறது. கூடப்பிறந்தவன் இருந்திருந்தால் அவனிடம் இவ்வளவு நம்பிக்கை வைத்திருப்பாளோ என்னவோ.

போன மாதம் ஒரு காலையில் ஸ்பேனர் என்ற பெயரில் குழுவில் இருந்த ஒருவன், குழுவில் போடாமல் அவளுக்குத் தனியாக ஒரு படம் அனுப்பினான். கழற்றிப் போட்ட சக்கரம், அதன் உள்ளே காகிதம் மாதிரி தேய்ந்துபோன பிரேக் லைனிங். டிப்போ பட்டறையில் மெக்கானிக் என்று தன்னைச் சொல்லிக்கொண்டான். பழைய லைனிங்கைத் துடைத்துத் திரும்ப மாட்டச் சொல்கிறார்களாம், புதுசு மாட்டியதாகக் கையெழுத்து மட்டும் போட வேண்டுமாம். அந்த வண்டிகளில் என் மகளும்தான் பள்ளிக்கூடம் போகிறாள் என்று முடித்திருந்தான்.

பஸ்ஸக்காவுக்கு அவனைச் சந்தேகப்பட மனமே வரவில்லை. ஆனால் வழக்கம் வழக்கம்தானே, அதே வரியைக் கேட்டாள். அவன் யோசிக்கவே இல்லை, உடனே அனுப்பினான். எண்ணெய்க் கறை படிந்த தரை, அவனுடைய வேலை மேஜை, அதற்குப் பின்னால் அவனுடைய லாக்கர். லாக்கர் கதவில் ஒரு முயல் ஸ்டிக்கர், ஒரு காது கிழிந்துபோனது. மகள் ஒட்டியதாம். டிப்போவில் எல்லோரும் அதை முயல் லாக்கர் என்றுதான் சொல்வார்களாம்.

அவள் உடனே அவனுக்குப் போன் செய்தாள். "அந்த முயலை மறைச்சு எடுத்திருக்கலாமே தம்பி."

"மறைச்சா நீங்க நம்புவீங்களாக்கா?" என்றான் அவன். பிறகு, "இந்த ரெண்டாவது படம் உங்க கண்ணுக்கு மட்டும்தானே?" என்று கேட்டான்.

"என் கண்ணோட சரி" என்றாள்.

சொன்ன அந்த நிமிஷம் அவள் மனதில் கள்ளம் கிடையாது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

அப்புறம் அவள் செய்த வேலையைச் சொன்னால் வாய் வலிக்கும். குழுவில் பூடகமாக, பஸ் நிற்கும்போது கிறீச்சென்று சத்தம் கேட்டவர்கள் யார் யார் என்று ஒரு கேள்வி போட்டாள். பதில் கொட்டியது. எந்தத் தடம், எந்த டிப்போ வண்டி என்று பிரித்துப் பார்த்தாள், ஸ்பேனர் சொன்ன டிப்போதான் முன்னால் நின்றது. குழுவில் இருந்த ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவரிடம் முதல் படத்தை மட்டும் காட்டினாள். இந்தத் தடிமனில் லைனிங்கைக் குப்பையில்தான் போடணும் என்றார் அவர். ஒருவரையொருவர் அறியாத இரண்டு டிரைவர்களைத் தனித்தனியாகப் பேசவைத்தாள். கம்பெனியிடம் பதில் கேட்டு எழுதினாள், அங்கிருந்து மூச்சே வரவில்லை.

செய்தி தயாரான அன்று பங்காளி ஸ்பூனோடு வந்தான். டப்பாவில் கை வைத்தபடியே, வக்கீல் ஆதாரம் கேட்கிறார், அந்த இரண்டாவது படம் என் கையில் இருந்தால்தான் பத்திரிகைக்குப் பாதுகாப்பு என்றான். அவள் முதலில் பிடி கொடுக்கவில்லை. அவனும் விடவில்லை. நியாயமான கேள்விதானே, யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். கடைசியில் அவள் முயல் விஷயத்தை முழுக்கச் சொன்னாள். அதைப் பார்த்தாலே டிப்போவில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாள்.

"உன் சோத்து மேல சத்தியம் பஸ்ஸு, என் ரூமைத் தாண்டாது" என்றான்.

படத்தை அனுப்பினாள். என் கண்ணோடு சரி என்று ஸ்பேனரிடம் சொன்னது அப்போதே உடைந்துவிட்டது என்பது அவளுக்கு உறைக்கவில்லை. பங்காளியின் கண் என்ன, வேறு யாருடைய கண்ணோவா?

செய்தி அந்தச் சக்கரப் படத்தோடு முதல் பக்கத்தில் வந்தது. ஊரே பேசியது. அன்றைக்கு மத்தியானமே பஸ் கம்பெனி தன்னுடைய பேஸ்புக் பக்கத்தில் நாக்கூசாமல் ஒரு பதில் போட்டது. அந்தப் படம் எங்கள் டிப்போவே இல்லை, வேறு ஏதோ நாட்டுப் படத்தை இன்டர்நெட்டில் சுட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று. அவ்வளவுதான், பத்திரிகையின் பக்கத்தில் வந்து ஆளாளுக்குக் காறித் துப்ப ஆரம்பித்தார்கள். பொய்ப் பத்திரிகை, காசு வாங்கி எழுதுகிறவர்கள் என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பஸ்ஸக்கா அசரவில்லை. ஓய்வு பெற்ற மெக்கானிக்கைப் பெயரோடு பேசச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

பாதி வழியில் போன் துடிக்க ஆரம்பித்தது. குழுவில் இதயமும் கைதட்டலுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா கெத்து, சரியான செருப்படி, திரும்பு படம்னா திரும்பு படம்தான் என்று ஒரே கொண்டாட்டம். அவளுக்கும் முதலில் சிரிப்பு வந்தது. என்ன நடந்தது என்று பத்திரிகையின் பக்கத்தைத் திறந்தாள்.

எண்ணெய்த் தரை, மேஜை, லாக்கர், முயல். அந்தப் படத்துக்கு மேலே தடித்த எழுத்தில், 'எங்கள் பஸ்ஸக்காவின் திரும்பு படம் பொய் சொல்லாது. இதோ ஆதாரம்.'

கீழே யாரோ ஒரு வெள்ளந்தி சிரிப்புப் பொம்மையோடு எழுதியிருந்தார்: அட, இது நம்ம முயல் லாக்கர் ஆச்சே!

ஸ்பேனருக்குப் போன் செய்தாள், அணைத்து வைத்திருந்தான். பங்காளிக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. மறுபடி செய்தாள், மறுபடியும் எடுக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் குதித்து இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்து ஆபீசுக்குத் திரும்பினாள். வழியிலேயே குழுவில் இருந்த டிப்போ டிரைவர் ஒருவர் அவளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பிவிட்டார். ஸ்பேனரைப் பட்டறைக்கு நடுவில் நிற்க வைத்து, அடையாள அட்டையைப் பிடுங்கி, லாக்கரைக் காலி பண்ணச் சொல்லி, எல்லோரும் பார்க்க வெளியே அனுப்பினார்களாம். அவன் யாரோடும் சண்டை போடவில்லையாம், ஸ்டிக்கரை மட்டும் நகத்தால் சுரண்டிப் பார்த்தானாம், வரவில்லையாம்.

கண்ணாடி அறையில் பங்காளி போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். முதலாளி பாராட்டுகிறார் போல. இவளைப் பார்த்ததும் போனை வைத்தான்.

"படத்துல ஆளே இல்லையே, பஸ்ஸு."

"முயல் இருக்கே. நான்தானே உனக்குச் சொன்னேன்."

"ஊரே நம்மளைப் பொய்யன்னு துப்புது. உன் பேரும் சேர்ந்துதான் நாறுது. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ விட்டிருக்க மாட்டே" என்றான் பங்காளி.

இவ்வளவு நேரம் தவறு நடந்துவிட்டது, அவசரத்தில் மறந்துவிட்டான் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். அந்த ஒரு பதிலில் அது போய்விட்டது. அவன் மறக்கவில்லை. எல்லாம் தெரிந்து, நினைவு வைத்து, அதனாலேயே அவளைக் கேட்காமல் செய்திருக்கிறான். கை நிறைய அள்ளிச் சாப்பிட்டவன் கை கழுவுகிற மாதிரி செய்திருக்கிறான். உன்னோடு சேர்ந்து சாப்பிட்ட சோறு ஒவ்வொரு பருக்கையும் எனக்கு இப்போ கசக்குது என்றாள். படத்தை எடு என்றாள். அவன் எடுத்தான். அதற்குள் அது எத்தனையோ பக்கங்களில் ஒட்டிக்கொண்டுவிட்டது, எடுத்து என்ன பிரயோஜனம்?

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். படியில் நின்றபடியே ஸ்பேனருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள். தம்பி, படத்தைப் போட்டது நான் இல்லை, ஆனா அவங்க கையில கொடுத்தது நான்தான். இந்த வேலையே வேணாம்னு எழுந்து வெளிய வந்துட்டேன். உன் வீட்டுக்கு வந்து பாக்கலாமா? எழுத எழுத அத்தனையும் நிஜம். அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது, அவன் போன் இன்னும் அணைந்தே இருந்தது.

அப்போதுதான் பங்காளி மூச்சிரைக்கப் படியிறங்கி வந்தான். கெட்டிக்காரன், கெஞ்சவில்லை. நீ போயிட்டா அவனுக்காக எழுத இங்க யார் இருக்கா என்று மட்டும் கேட்டான். உண்மை சொன்னவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று நாளைக்கு முதல் பக்கத்தில் போடுவோம், ஊரே திரண்டு நிற்கும், கம்பெனி பயந்து திரும்பக் கூப்பிடும், அதை எழுத உன்னை விட்டால் வேறு ஆள் இல்லை என்றான். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றான். அவள் படியிலேயே உட்கார்ந்தாள். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. நல்லவன் சொல்லியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான், அதுதான் கொடுமை. ஸ்பேனருக்காகத்தான், ஸ்பேனருக்காக மட்டும்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே மேலே ஏறினாள். பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்து எழுத ஆரம்பித்தாள்.

எழுத்து என்னமோ நன்றாக வந்தது. அதுதான் அவளுக்குத் தெரிந்த வேலை. பசி தெரியாமல் எழுதினாள். நடுவில் அனிச்சையாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தாள். டப்பாச் சத்தம் கேட்டு, சமாதானத்துக்கு வந்தவன் மாதிரி, பங்காளி ஸ்பூனோடு வந்து பின்னால் நின்றான். திரையில் இருந்ததைப் படித்தான். "இதுதான் பஸ்ஸு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கில் ஒரு துண்டு எடுத்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து மேஜை மேல் போன் ஒளிர்ந்தது. ஸ்பேனர்தான். அவள் இவ்வளவு நேரமும் தவித்துக்கொண்டிருந்தது அந்தப் பெயருக்காகத்தான். அவசர அவசரமாக எடுத்தாள். அவன் திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். கேவலமாக ஏதாவது எழுதியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை.

"வெளிய வந்துட்டீங்களாக்கா? சரி. நின்ன இடத்துலயே அப்படியே திரும்பி இன்னொரு படம் அனுப்புங்க."

அவளுடைய வரிதான். எழுத்துக்கு எழுத்து அவள் குழுவின் தலையில் ஒட்டி வைத்திருந்த வரி.

அவள் திரும்பிப் பார்த்தாள். படம் எடுத்தால் அதில் என்னென்ன விழும் என்று பழகிய கண் தானாகவே கணக்குப் போட்டது. கண்ணாடி அறை, அதன் கதவு, ஸ்பூனோடு பங்காளி, அவன் வாயில் இவளுடைய சோறு. எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லலாம். படியில் நின்றபோது நிஜமாகவே வெளியேதான் இருந்தேன், உனக்காகத்தான் திரும்பி வந்தேன், உன் செய்தியைத்தான் எழுதுகிறேன் என்று பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால் அவன் விளக்கம் கேட்கவில்லையே, படம்தானே கேட்டான்.

அடிப்பாவி, உண்மையையாவது அனுப்பித் தொலைத்திருக்கக் கூடாதா? அவளுடைய விரல் போனில் ஓடியது. போன்ல சார்ஜ் இல்ல தம்பி, அப்புறம் அனுப்புறேன் என்று எழுதியது. எழுதியதை அவள் படித்துப் பார்ப்பதற்குள் அனுப்பியும் விட்டது.

இரண்டு டிக்கும் உடனே நீலமானது. அந்தச் சாக்கைக் கேட்டு யாரும் நம்பியதில்லை என்பது அவளுடைய குழுவில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும்.